மேம்படுத்தப்படாத மேய்ச்சல் நிலம்

படிச்சுட்டீங்களா தம்பி? படிச்சிருப்பீங்க. இந்தக் கள்ளிமேட்டுப் பிரிவுல பஸ்ஸுக்கு நிக்கறவங்க எல்லாரும் அதைத்தான் படிக்கறாங்க. வேற என்ன இருக்குது இங்க படிக்கறதுக்கு? வெயிலுக்கு எழுத்து மங்கிப் போச்சுன்னா நானே வாசிச்சுக் காட்டறேன், கேளுங்க. ‘மேம்படுத்தப்படாத மேய்ச்சல் நிலம். உரிமையாளர்: கா. சென்னியப்பன்.’ அந்தச் சென்னியப்பன் நாந்தான். உக்காருங்க. தாராபுரம் வண்டி வர இன்னும் நேரமிருக்குது. இந்தக் கல்லுல உக்காருங்க, அந்தக் கல்லு சுடும்.

நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கறேன்னு அப்பறம் சொல்றேன். ஒரு வேலையாத்தான் உக்காந்திருக்கறேன். சும்மா உக்காந்திருக்கற ஆளுன்னு நெனைச்சுக்காதீங்க. சும்மா இருன்னு என்னைப் பார்த்துச் சொன்னதுல வந்த வெனைதான் இத்தனையும்.

ரோட்டோரத்துல இருந்து அந்த வேப்பமரம் வரைக்கும் என்ற கொறங்காடு. கொறங்காடுன்னா தெரியுங்களா? உழவு போடாத காடு. சுத்தியும் கிளுவை வேலி, ஊடால வெள்ளவேலா மரம், கீழ கொழுக்கட்டைப் புல்லு. ஆடு மேயறதுக்குன்னே உட்டு வெச்ச காடு. இப்ப புல்லு எங்கேன்னு கேப்பீங்க. மழையில்லை தம்பி, புல்லுக்கு எங்க போறது. வேலிக்கு அக்கட்ட பச்சை தெரியுது பாருங்க, அது என்ற பங்காளி கொழந்தசாமியுது. பெரியப்பன் பையன். ஒரே காடா இருந்ததை எங்கப்பன் காலத்துல பாகம் பண்ணி நடுவுல வேலி போட்டாங்க. மண்ணும் ஒன்னு, மழையும் ஒன்னு, மேய்ச்சலும் ஒன்னு. அதுதான் அந்த அம்மிணிக்குப் புடிச்சுப் போச்சு.

அம்மிணின்னா ஆராய்ச்சி நிலையத்து அம்மிணி. மங்கையர்க்கரசின்னு பேரு, தஞ்சாவூருப் பக்கம். நெல்லு வெளையற சீமைல பொறந்து, புல்லுக்குப் படிச்சுப் பெரிய பட்டம் வாங்கி வந்த புள்ள. குத்தம் சொல்ல மாட்டேன், நல்ல புள்ள. இந்த வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொரு புல்லுத் தூரா எண்ணிப் பார்க்கும். எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு வெச்சு வெவரமாச் சொல்லுச்சு. அதே கொழுக்கட்டைப் புல்லுதானாம். ஆனா மழையே இல்லாத சீமையெல்லாம் தேடி, காஞ்சாலும் வேரு சாகாத தூராப் பார்த்துப் பொறுக்கி எடுத்த ரகமாம். ஒருக்கா வேரு புடிச்சுட்டா வருசா வருசம் வெதைக்க வேண்டியதில்லை, மேய மேயத் துளுக்குமாம். மூனு வருசம் இங்க வெச்சுப் பார்த்துத் தேறிடுச்சுன்னா வெதையைப் பெருக்கி மூலனூரு, வெள்ளகோயில்னு இந்தக் காஞ்ச பூமி முச்சூடும் குடுப்பாங்களாம். மழை பொய்ச்ச வருசமும் ஆட்டை விக்க வேண்டியிருக்காதுங்கய்யான்னு சொல்லுச்சு.

அந்த ஒரு வார்த்தைலதான் நான் உழுந்தேன். எங்கப்பன் ஒரு பஞ்சத்துல பட்டி ஆட்டை முச்சூடும் வித்துட்டு வந்து, வெறும் பட்டியைப் பார்த்துட்டே சோறு திங்காம கெடந்தாரு. எழுப்பி உக்கார வெச்சா மறுபடியும் சாஞ்சுக்குவாரு. அப்ப இருந்தே எனக்கு ஒரே வேண்டுதல்தான். என்ற பட்டி ஒருக்காலும் வெறும் பட்டியாகக் கூடாது. அதனால எங்க கையெழுத்துப் போடோணும்னு கேட்டு, கொழந்தசாமிக்கு முன்னால நான் போட்டேன்.

ரெண்டு பேருக்கும் வெதை குடுப்பாங்கன்னு நெனைச்சேன். இல்லையாம். ஒருத்தர் காட்டுல புதுப் புல்லாம், இன்னொருத்தர் காடு இருக்கற மாதிரியே இருக்கோணுமாம். ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காம். சரி, யாருக்கு எதுங்கம்மிணின்னா, காசை எடுத்துச் சுண்டி உட்டுச்சு. தம்பி, எங்க ஊருல பொண்ணு எடுக்கறதுன்னாலும் சரி, கெணறு வெட்டறதுன்னாலும் சரி, மாகாளியாத்தா கோயில்ல பூக் கேக்கறதுதான் வழக்கம். வெள்ளை அரளியைத் தனியா, செவப்பு அரளியைத் தனியாப் பொட்டலம் கட்டி ஆத்தா முன்னால போட்டா, பண்டாரம் ஒன்னை எடுப்பாரு. வெள்ளை வந்தா சரின்னு அர்த்தம், செவப்பு வந்தா வேண்டாம்னு அர்த்தம். அதுக்கப்பறம் எவனும் ஒரு பேச்சுப் பேச மாட்டான். காசைச் சுண்டிக் காட்டைத் தீர்மானம் பண்றது எந்த ஊரு நாயம்? பூப் போட்டுக் கேட்டுரலாங்கம்மிணின்னு சொன்னேன். சிரிச்சுட்டு, ரெண்டும் ஒன்னுதாங்கய்யா, மனுசங்க ஆசை அதுல கலக்கக் கூடாது, அவ்வளவுதான்னுச்சு. காசு கொழந்தசாமி பக்கம் உழுந்துது. அன்னைக்கு வெடியால அவன் ஜீப்புல வந்தவங்களுக்கு எளநி வெட்டிக் குடுத்ததை நான் பார்த்தேன். எளநிக்கும் காசுக்கும் சம்மந்தமில்லைம்பீங்க. நீங்க படிச்சவங்க, அப்பிடித்தான் சொல்லுவீங்க.

அப்பறம் அவன் காட்டுல ஒரே திருவிழா. அந்த வெதை பஞ்சாட்டம் பறக்கும். அதனால செம்மண்ணுல பெசஞ்சு உருண்டை உருண்டையாப் புடிச்சு வெதைச்சாங்க. ஊருப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் அங்க வேலை. என்ற காட்டுல என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? நாலு எடத்துல கம்பிக் கூண்டு கவுத்து வெச்சாங்க. அவன் காட்டுலயும் அதே மாதிரி நாலு. ஆடு மேயாம கூண்டுக்குள்ள எத்தனை புல்லு வளருதுன்னு அறுத்து எடை போடறதுக்காம். எல்லாம் முடிஞ்சு ஜீப்புல ஏறப் போகையில நானே போயிக் கேட்டேன். நான் என்ன பண்ணோணுங்கம்மிணின்னு.

“ஒன்னும் பண்ண வேண்டாங்கய்யா. எப்பவும் போல விட்டுடுங்க. அதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.”

பொறந்ததுல இருந்து இந்தக் காட்டுல கெடக்கறவனைப் பார்த்து ஒன்னும் பண்ண வேண்டாம்னா, எப்பிடி இருக்கும்? அவனுக்கு வெதை, உருண்டை, ஆளு அம்பு. எனக்கு ஒன்னும் பண்ண வேண்டாம். சரி, அம்மிணி சின்னப் புள்ள, பேசத் தெரியலைன்னு மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். அடுத்த வாரம் பலகை வந்துது.

ரெண்டு பலகை. அவன் காட்டு முன்னால ‘மேம்படுத்தப்பட்ட மேய்ச்சல் நிலம்’, அவன் பேரு. என்ற காட்டு முன்னால, இதா, இது. பச்சைப் பெயிண்டுல, பஸ்ஸுல போறவனுக்கும் தெரியற மாதிரி. ஊருக்குள்ள சும்மா உடுவாங்களா? டீக்கடைக்குப் போனா, வாங்க மேம்படாதவரேங்கறான் ஒருத்தன். அவருக்குச் சக்கரை போட்டு மேம்படுத்திக் குடுப்பாங்கறான் இன்னொருத்தன். எம்பொண்ணைக் கட்டிக் குடுத்த சம்மந்தி கரூர்ல இருந்து வந்தவரு, பஸ்ஸை உட்டு எறங்குனதும் இதைப் படிச்சுட்டு, ஊட்டுக்கு வந்து மெதுவாக் கேக்கறாரு, காட்டுக்கு ஏதாச்சும் வில்லங்கமுங்களா சம்மந்தின்னு. புல்லு ஆராய்ச்சின்னா அவருக்குப் புரியுமா? பாவாத்தா, அதாவது எம் பொஞ்சாதி, அவதான் குறுக்க பூந்து சம்மந்திக்கு வெவரம் சொல்லி அனுப்புனா. பலகைல எழுதுனா என்னங்க, புல்லு என்ன படிக்கவா போகுதுன்னா என்னைப் பார்த்து. அவளுக்கென்ன. அவ பேரா எழுதியிருக்குது?

மொத வருசம் மழை நல்லாவே பேஞ்சுது. அறுக்கற அன்னைக்கு ஊரே வந்துருச்சு. அம்மிணி கூண்டைத் தூக்கி, அதுக்குள்ள இருந்த புல்லை அறுத்து, சாக்குல கட்டி, வெள்ளவேலா மரத்துல தராசைத் தொங்க உட்டு எடை போட்டுச்சு. கொழந்தசாமி சாக்கு கனத்துல கெளை வளையுது. என்ற சாக்கை மாட்டுனா தராசு முள்ளு அசையவே யோசிக்குது. எல்லாருந் தட்டுனாங்க தம்பி. கையைத் தட்டுனாங்க. அவன் எம்பக்கம் திரும்பி, பரவால்ல சென்னி, அடுத்த வருசம் பார்த்துக்கலாங்கறான். எதைப் பார்த்துக்கறது? அந்த வார்த்தை எனக்கு ராவெல்லாம் கொடைஞ்சுது.

நான் ஒன்னும் இஷ்டத்துக்குப் பண்ற ஆளு கெடையாது. ஆத்தாளைக் கேட்டுட்டுத்தான் பண்ணுனேன். கோயிலுக்குப் போயி, என்ற காட்டையும் கொஞ்சம் கவனிச்சுக்கட்டுமா தாயேன்னு நெனைச்சுப் பூக் கேட்டேன். மொதத் தடவை செவப்பு வந்துது. பண்டாரம் அன்னைக்குச் சளி புடிச்சு மூக்கைச் சிந்திட்டு இருந்தாரு, கை சுத்தமில்லை. அதனால மறு வெள்ளிக்கெழமை கேட்டேன். செவப்பு. அன்னைக்கு அரளி வாடிப் போயிருந்துது, அது கணக்குல சேராது. அதுக்கடுத்த வெள்ளி பாவாத்தாளை உட்டுப் பூப் பறிக்கச் சொல்லி, நானே பொட்டலம் கட்டி, தலைக்குத் தண்ணி வார்த்துட்டுப் போயிக் கேட்டேன். வெள்ளை வந்துது. வந்துருச்சில்ல? ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. பண்டாரம் ஒரு மாதிரி பார்த்தாரு. அவரு எப்பவும் அப்பிடித்தான் பார்ப்பாரு.

அப்பறம் என்ன பண்ணுனேன், ஊரைக் கொள்ளையடிச்சேனா? பட்டில இருந்து ஆட்டுப் புழுக்கையை அள்ளிக் கொண்டாந்து நாலு கூண்டுக்குள்ளயும் தூவுனேன். பட்டியெரு போடறது எங்க வழக்கந்தான? எப்பவும் போலன்னு அம்மிணியே சொல்லியிருக்குது. ஊட்டுக் கொழாயில இருந்து ரெண்டு கேன்ல தண்ணி புடிச்சு டிவிஎஸ் வண்டில வெச்சுக் கொண்டாந்தேன். பாவாத்தா பின்னால உக்காந்து வருவா. கேனைச் சாய்ச்சு ஊத்துனா மண்ணு அரிச்சுத் தடம் தெரியும்ல, அதனால அவ சொம்புல மோந்து, கம்பி வழியா ஒவ்வொரு தூரா நனைப்பா. மத்தியான வெயில்லதான் வருவோம். அப்பத்தான் கொழந்தசாமி சோறு தின்னுட்டுத் தூங்குவான், ரோட்டுல ஈ காக்கா இருக்காது. இடுப்பு வலிக்குதுங்கன்னு சொல்லுவா. குனியாம நிமிந்து ஊத்துன்னா, நிமிந்து எப்பிடிங்க ஊத்தறதும்பா. எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருப்பா.

ரெண்டாவது வருசம் மழை கொறைச்சல். தராசுல மாட்டுறாங்க, ரெண்டு சாக்கும் ஏறக்கொறைய ஒரே எடை. ஒருத்தனும் கையைத் தட்டலை, அது வேற விசயம். அம்மிணி மொகம் போன போக்கைப் பார்க்கோணும். கூண்டுக்குள்ள கையை உட்டு மண்ணைக் கிள்ளிப் பார்க்குது, தூரைப் பிரிச்சுப் பார்க்குது, அக்கட்ட போகுது, இக்கட்ட வருது. மழை பத்தலை போலன்னு தனக்குத்தானே சொல்லிக்கிச்சு. அடுத்த வருசம் தெரிஞ்சுரும்னுச்சு. எனக்கு என்ன சந்தோசங்கறீங்க. டீக்கடைக்குப் போயி நானே ரெண்டு டீ சொல்லி நானே குடிச்சேன்.

மூனாவது வருசந்தான் வந்துது பாருங்க சனியன். ஆடி போச்சு, ஐப்பசி போச்சு, ஒரு பொட்டு இல்லை. கொழந்தசாமி காட்டுல அந்தப் புதுப் புல்லு மேல காஞ்சு கெடந்தாலும் தூரு பச்சை கட்டி நின்னுது. என்ற காட்டுல கூண்டுக்கு வெளிய வெறுங் கட்டாந்தரை. நாப்பது உருப்படி தம்பி. செம்மறி, எல்லாம் பட்டில பொறந்து வளந்ததுங்க. வெள்ளவேலாக் காயி உதுந்த வரைக்கும் பொறுக்கித் தின்னுதுங்க. அதுவும் தீந்து போச்சு. அப்பறம் ஒவ்வொன்னா அந்தக் கூண்டுகிட்டப் போயி நிக்க ஆரம்பிச்சுதுங்க. காடு முச்சூடும் காஞ்சு கெடக்குது, நாலு கூண்டுக்குள்ள மட்டும் மொழங்கால் ஒசரம் பச்சைப் புல்லு. மூஞ்சியக் கம்பில வெச்சுட்டுக் கத்துதுங்க. நாங்க தண்ணி கொண்டுபோனா, கேன் சத்தத்துக்கே ஓடி வருதுங்க. பாவாத்தா சொம்பை ஓங்கி அதுங்களைத் தொரத்திட்டுத்தான் புல்லுக்கு ஊத்தோணும்.

ஒரு நாளு அவ ஊத்தலை. சொம்பைக் கீழ வெச்சுட்டு என்ற மூஞ்சியப் பார்த்தா.

“கூண்டைத் தொறந்து உடுங்க. அதுங்க திங்கட்டும்.”

அவளுக்கு வெவரம் பத்தாதுங்க. அது பரிச்சைப் பேப்பர் மாதிரி. எழுதி வெச்சதைத் திருத்தற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. நாலு கூண்டுப் புல்லு நாப்பது ஆட்டுக்கு எத்தனை நேரத்துக்கு வரும்? ஒரு வேளைக்கு வருமா? அதுக்காக மூனு வருச மானத்தை மேய உட்டுருவாங்களா? எடுத்துச் சொன்னேன். சொம்பை எடுத்து ஊத்துனா.

கொழந்தசாமி ஆள் உட்டுச் சொல்லி அனுப்புனான். அப்பறம் அவனே வந்தான். என்ற காட்டுல தூரு இருக்குது, உன்ற ஆட்டையும் சேர்த்து ஓட்டு, மழை வர்ற வரைக்கும் ஓடும்னான். யோசிச்சுப் பாருங்க தம்பி. நான் மேம்படுத்தப்படாதவன், அவன் மேம்பட்டவன். அவன் புல்லுல என்ற ஆடு மேஞ்சா, தராசு எதுக்கு, கூண்டு எதுக்கு? அப்பவே தோத்துட்டேன்னு எழுதிக் குடுத்துரலாமே. வேண்டாம் சாமி, உம் புல்லு உனக்கிருக்கட்டும், உன்ற காட்டுல நான் காலு வெக்க மாட்டேன்னுட்டேன். சொன்னா சொன்னதுதான், இன்னைக்கு வரைக்கும் வெக்கலை.

அப்பறம் கன்னிவாடிச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனேன். வேற வழி? பஞ்சத்துல எல்லாரும் விக்கறாங்க, வாங்கறவன் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கறான். வெலையைப் பத்திப் பேசாதீங்க. ஒரே ஒரு பொட்டையை மட்டும் நிறுத்திக்கிட்டேன், கருங்காதி. வெள்ளை ஒடம்பு, காது ரெண்டும் கருப்பு. தாயில்லாம பாவாத்தா மடில பாலு குடிச்சு வளந்தது, அவ குடுக்க மாட்டேன்னுட்டா. சந்தைல இருந்து வந்து நானும் பட்டியைப் பார்த்தேன். பார்க்கத்தான் பார்த்தேன். எங்கப்பனாட்டம் சோறு திங்காம எல்லாம் கெடக்கலை. எடை போடற நாளு நெருங்கிடுச்சு, கூண்டுக்குத் தண்ணி கொண்டாரோணும்ல.

கடைசி எடை. இந்தத் தடவை ஊர்ல ஒருத்தரும் வரலை, எல்லாரும் அவங்கவங்க ஆட்டு வெசனத்துல இருந்தாங்க. அம்மிணியும் ஜீப்பு டிரைவரும் நாங்களுந்தான். அக்கட்டக் கூண்டை அறுத்துட்டு வந்து இக்கட்டக் கூண்டு முன்னால நின்னுச்சு பாருங்க, அந்தப் புள்ள. சுத்தியும் ஒரு பச்சை இல்லை. கூண்டுக்குள்ள மட்டும் பசபசன்னு நிக்குது. வண்டித் தடத்தைப் பார்த்துச்சு. பாவாத்தா காலைப் பார்த்துச்சு, சேறு ஒட்டியிருந்துதோ என்னமோ. அப்பறந்தான் எங்கிட்ட வந்து மெதுவாக் கேட்டுச்சு.

“ஐயா, தண்ணி ஊத்துனீங்களா? சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஊத்துனீங்கன்னா இதை விட்டுட்டு இன்னொரு வருசம் கேட்டு வாங்கிக்கறேன். உங்க வார்த்தையைத்தான் நான் எழுதணும்.”

நான் ஊத்தலைங்கம்மிணின்னு சொன்னேன். பொய்யா தம்பி? நான் ஊத்தலை. கேனைக் கொண்டாந்து எறக்குனதோட சரி, ஒரு சொம்பு கூட நான் ஊத்துனதில்லை. ஊத்துனது பூராவும் பாவாத்தாதான. அவளை அம்மிணி கேக்கலை. கேட்டதுக்குப் பதில் சொன்னேன், கேக்காததுக்கு எதுக்குச் சொல்லோணும்? அம்மிணி சரிங்கய்யான்னுச்சு. குனிஞ்சு அறுக்க ஆரம்பிச்சுருச்சு.

பாவாத்தா கைல மோர்ச் சொம்பு. வரும்போதெல்லாம் அந்தப் புள்ளைக்கு மோரு குடுக்கறது வழக்கம். அன்னைக்குக் குடுக்கலை. அப்பிடியே திருப்பிக் கொண்டாந்து ஊட்டுல வெச்சுட்டா. ஜீப்பு போனதும் ஏன் குடுக்கலைன்னு கேட்டேன்.

“இதே சொம்புலதான ஊத்துனேன்,” அப்பிடின்னா.

அதுக்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க. சொம்பைக் கழுவுனாப் போச்சு. அதுல இருந்து எங்கிட்டப் பேச்சுக் கொறைச்சல். சோறு போடறா, தண்ணி காய்ச்சறா, பேச மாட்டேங்கறா. எனக்காக மட்டுமா இத்தனையும் பண்ணுனேன், அவளுக்காகவும்தான பண்ணுனேன். பேரு கெட்டா அவளுக்கும் சேர்த்துத்தான கெடுது.

நாலஞ்சு மாசம் கழிச்சு ஜீப்பு வந்துது. முடிவு வந்துருச்சுன்னு முன்னாடியே போன்ல சொல்லியிருந்தாங்க. நான் வெள்ளை வேட்டி சட்டை போட்டு, விபூதி வெச்சுட்டு இதே எடத்துல நின்னேன். சால்வை போடுவாங்கன்னு நெனைச்சேன். மறைக்க என்ன இருக்குது, நெனைச்சேன். ஜீப்புல இருந்து கூண்டை ஏத்தறதுக்கு ரெண்டு ஆளுதான் எறங்குனாங்க. அம்மிணி கடைசியா எறங்குச்சு. மூஞ்சி சுண்டிப் போயிருந்துது. எங்க ரெண்டு பேரையும் வெச்சுச் சொல்லுச்சு. ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லைன்னு கணக்கு வந்துருச்சாம். புதுப் புல்லால லாபம் இல்லைன்னு மேல முடிவு பண்ணிட்டாங்களாம். வெதை பெருக்கறது கெடையாதாம். அம்மிணியைத் திரும்ப நெல்லுக்கே மாத்திட்டாங்களாம்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அப்ப செயிச்சது நானுங்களான்னு. அந்தப் புள்ள என்னை நேரா நிமிந்து பார்த்துச்சு.

“ஆமாங்கய்யா. நீங்க ஜெயிச்சுட்டீங்க.”

கேட்டுக்கிட்டீங்களா? அம்மிணி வாயாலயே சொல்லுச்சு. கொழந்தசாமி பக்கத்துல நின்னுட்டுத்தான் இருந்தான், அவனும் கேட்டான். ஆனா ஒரு சால்வை உண்டா? ஒரு மாலை உண்டா? அதுதான் தம்பி எனக்கு ஆறவே மாட்டேங்குது. நான் கேக்கறேன், வித்தியாசம் இல்லைன்னா என்ன அர்த்தம்? என்ற புல்லும் அந்தப் புல்லு அளவுக்குத் தேறுச்சுன்னுதான அர்த்தம்? அப்ப என்ற புல்லுல வெதை எடுத்து ஊருக்கெல்லாம் குடுக்க வேண்டியதுதான? எவனாச்சும் யோசிச்சானா? ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி. செயிச்சவனை உட்டுட்டு மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. கூண்டை எடுத்த அன்னைக்கு, அறுத்தது போகத் தூருல மிச்சமிருந்த பச்சையைக் கருங்காதி நின்ன எடத்துல தின்னு தீர்த்துது. அதுக்கப்பறம் நாலு எடமும் மத்த தரையாட்டம் காஞ்சு போச்சு. தண்ணி ஊத்த அவ வர மாட்டேங்கறா.

பலகைக் கதையைக் கேளுங்க. அவன் பலகையை அன்னைக்கே புடுங்கி ஜீப்புல ஏத்திட்டாங்க. புதுப் புல்லு இல்லைன்னு ஆயிருச்சில்ல. என்ற பலகையைக் கேட்டா, அந்த ஆளுங்க சொல்றாங்க, இது இருக்கறதைத்தான சொல்லுது, இருந்துட்டுப் போகட்டும்ங்கறாங்க. நானே புடுங்கிப் போட எத்தனை நேரம் ஆகும்? கெவருமெண்டு சாமான், நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா? இந்த வருசமும் மழையில்லை. சுத்துப்பட்டுல அத்தனை பட்டியும் காலி. டீக்கடைலயும் கூட்டமில்லை, கிண்டல் பண்ணக் கூட ஆளில்லை. கொழந்தசாமி ஒருத்தன் பட்டிலதான் மணிச் சத்தம் கேக்குது. ஊருல நாலஞ்சு பேரு அவன்கிட்டப் போயிக் கொஞ்சம் கொஞ்சம் வெதை வாங்கி உருண்டை புடிக்கறாங்களாம். வித்தியாசம் இல்லைன்னு அம்மிணியே சொன்ன புல்லுங்க. எத்தனை சொன்னாலும் இந்த சனத்துக்கு ஏறாது.

அதா, தாராபுரம் வண்டி மேட்டுல தெரியுது. எறங்கி வர கொஞ்ச நேரம் புடிக்கும். தம்பி, நான் ஒரு வேலையா உக்காந்திருக்கறேன்னு சொன்னனில்ல? அங்க வேலிக்கு அக்கட்ட, அந்தப் பச்சைக்குள்ள, கருப்புக் காது ரெண்டு தெரியுது பாருங்க. கருங்காதி. வேலில எங்கயோ சந்து கண்டு வெச்சிருக்குது. தெனமும் பூந்துருது. நானும் முள்ளு வெட்டி அடைச்சுப் பார்த்துட்டேன், அடுத்த நாளு வேற சந்து. பாவாத்தாளை அனுப்புனா, ஓட்டிட்டு வராம அதுகூடவே அங்க உக்காந்துக்கறா. நான் அந்தக் காட்டுல காலு வெக்க மாட்டேன்னு உங்களுக்குத்தான் சொன்னேனே. அதனால இங்கயே உக்காந்து கூப்புட்டுப் பார்க்கறது, வந்தா வருது, இல்லைன்னா பொழுது எறங்கற வரைக்கும் உக்காந்திருக்கறது.

நீங்க ஷூ போட்டிருக்கறீங்க, முள்ளுக் குத்தாது. பஸ்ஸு வர்றதுக்குள்ள அந்தச் சந்துல பூந்து சித்தெ இக்கட்ட முடுக்கி உடறீங்களா? கையத் தட்டுனாப் போதும், சாதுவான ஆடு. ஆங், அப்பிடித்தான், அந்தக் கம்பத்துக்குப் பக்கத்துல. பார்த்துப் போங்க. அதுக்குப் பின்னால போயித் தட்டுங்க.

தலையைத் தூக்குதுங்களா? தூக்கலையா? எங்க ஊட்டுச் சோத்தைத் தின்னு வளந்ததுங்க அது. எங் கொரலு கேக்குது, காது மட்டும் ஆடுது பாருங்க, வர மாட்டேங்குது. அந்தப் புல்லுல அப்பிடி என்னதான் இருக்குதோ.